ஒரு வீடு, பல அடுப்பு! செட்டிநாட்டின் அன்றாடச் சமையல் ஏட்டில் ஏறிய கதை

செட்டிநாட்டுச் சமையல் என்றால் என்ன? சென்னையிலோ பெங்களூரிலோ பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் ஒன்பது பேர் "மிளகு தூக்கலா ஒரு சிக்கன்" என்பார்கள். பத்தாவது ஆள் மட்டும் காரைக்குடிப் பக்கத்துக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சிரித்துவிட்டு, "எங்க வீட்ல இன்னைக்கு வெண்டிக்கா மண்டி" என்பார்.

இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் ஒரு நூறு வருஷ வரலாறு இருக்கிறது. ஹோட்டல் பலகையில் ஏறிய செட்டிநாடு ஒன்று. வீட்டு அடுப்பில் தினமும் கொதித்த செட்டிநாடு இன்னொன்று. முதலாவது உலகம் முழுக்கப் போய்விட்டது. இரண்டாவது, எழுதி வைக்க ஆளில்லாமல் பல காலம் வாய்மொழியாகவே கிடந்தது. அது எப்படி, ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பெயரிலேயே நெல்!

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கும் பொன்னமராவதிக்கும் இடையில் இருக்கிறது நெற்குப்பை. பெயரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். பழந்தமிழில் குப்பை என்றால் குவியல் என்று பொருள். நெல் + குப்பை, அதாவது நெற்குவியல். ஆனால் சுற்றுப்புறம் தஞ்சாவூர் போல ஆறு பாயும் பூமி அல்ல. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கண்மாய் நிறையும், கண்மாய் நிறைந்தால் நெல் விளையும். இல்லையென்றால் வற்றல், வடகம், உப்புப் போட்டுக் காய வைத்த மாங்காய் என்று மேல்தளத்து வெயிலை நம்பித்தான் பொழுது ஓடும்.

இப்படிப்பட்ட ஊர்களில்தான் நகரத்தார் தங்கள் அரண்மனை போன்ற வீடுகளைக் கட்டினார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி... இதெல்லாம் சுற்றுலாப் புத்தகங்களில் நிறையவே வந்தாகிவிட்டது. அந்தப் புத்தகங்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத ஒரு இடம் உண்டு. வீட்டின் கடைசிக் கட்டு. அடுப்பங்கரை.

பெரிய வீடு, சின்னச் சட்டி

முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும் வீடு. அதற்குள் அண்ணன் தம்பிகள் குடும்பம் குடும்பமாக இருப்பார்கள். இவ்வளவு பெரிய வீட்டில் சமையலும் பெரிய அண்டாவில்தான் நடந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றும். அங்கேதான் தவறு!

நகரத்தார் வழக்கப்படி, கல்யாணமான மகனையும் மருமகளையும் கொஞ்ச நாளில் 'வேறு வைத்து' விடுவார்கள். வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே கூரை, அதே வளவு. ஆனால் அடுப்பு தனி. வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவர்களுக்கு. ஆண்டுக்கு இவ்வளவு என்று நெல்லும் மற்ற சாமான்களும் அளந்து கொடுக்கப்படும். அதற்குள் குடித்தனம் நடத்த வேண்டும். கோயில் கணக்கிலும் கல்யாணமான தம்பதிக்குத்தான் 'புள்ளி' என்று பெயர். ஒரு புள்ளிக்கு ஒரு வரி. ஒரு புள்ளிக்கு ஓர் அடுப்பு. 1909-ல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூல் வரிசையிலும் இந்தத் தனிச் சமையலும் அளந்து கொடுக்கும் வழக்கமும் பதிவாகியிருக்கின்றன. வெள்ளைக்கார அதிகாரிக்கு அது ஒரு விநோதம். ஆச்சிமாருக்கோ அது தினசரி வாழ்க்கை.

யோசித்துப் பாருங்கள். நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய கல்யாணக் கொட்டகை முன்னால் இருக்கிறது. பின்கட்டில் ஒரு பெண் இரண்டு பேருக்கோ நான்கு பேருக்கோ ஒரு சின்னச் சட்டியில் குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து அடுப்பில் கொழுந்தன் மனைவி. அதற்கும் அந்தப் பக்கம் மாமியார். விருந்து வருஷத்தில் சில நாள். மிச்ச நாளெல்லாம் இதுதான். ஆகவே செட்டிநாட்டு வீட்டுச் சமையல் என்பது அடிப்படையில் சிறு குடும்பச் சமையல். கையில் இருப்பதை அளவாக வைத்துச் சமாளிக்கும் சமையல். பெரிய வீட்டைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

அளந்து கொடுத்த சாமானில் குடித்தனம் நடத்துகிறவர் எதையும் கொட்ட மாட்டார். இதற்கு மண்டியை விட நல்ல சாட்சி கிடையாது. அரிசி களையும்போது முதல் தண்ணீரை ஊற்றிவிட்டு, இரண்டாவது தடவை களைந்த வெள்ளைத் தண்ணீரை எடுத்து வைப்பார்கள். அதற்கே மண்டி என்றுதான் பெயர். அதில் புளியைக் கரைத்துக்கொள்ள வேண்டும். நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து தாளித்து, உரித்த சின்ன வெங்காயம், பூண்டு, கீறிய பச்சை மிளகாய் போட்டு வதக்கி, பிறகு வெண்டைக்காயைப் போட்டு பிசுபிசுப்புப் போகும் வரை பிரட்ட வேண்டும். புளி கரைத்த மண்டியை ஊற்றி, உப்புப் போட்டு, கெட்டியாகும் வரை கொதிக்க விட்டால் முடிந்தது. அரைக்கிற வேலை இல்லை. தேங்காய் இல்லை. மசாலாத்தூள் இல்லை. அரிசியில் இருந்து கரைந்து வந்த மாவுச் சத்துதான் குழம்பைக் கெட்டியாக்குகிறது. அந்தக் காலத்து வீடுகளில் அவித்த மொச்சையோ, மாங்கொட்டையோ எது இருக்கிறதோ அதையும் சேர்ப்பார்கள். சோற்றுக்குப் போட்டுக்கொள்ளலாம், மறுநாள் இன்னும் ருசி. இவ்வளவு எளிதான ஒன்றை ஹோட்டல் பட்டியலில் தேடினால் அபூர்வமாகத்தான் கிடைக்கும்!

கிட்டங்கியில் ஆண்கள், பின்கட்டில் பெண்கள்

19-ம் நூற்றாண்டில் நகரத்தார் தொழில் இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று பரவியது. கொண்டுவிற்கப் போகிற ஏஜெண்டுகளுக்கு வழக்கமாக மூன்று வருஷக் கணக்கு. மனைவி மக்கள் ஊரில். ஆண்கள் கிட்டங்கியில். ரங்கூனில் முகல் தெரு, சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு. நீளமான கூடம், ஆளுக்கு ஒரு பெட்டி, கணக்கு மேசை, ராத்திரி அங்கேயே படுக்கை. அங்கே சமையலுக்கு ஊரிலிருந்து வந்த சமையல்காரர் இருப்பார். ஆக ஒரே காலத்தில் செட்டிநாட்டுச் சமையல் இரண்டு இடத்தில் வளர்ந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் கூலிக்குச் சமைத்த ஆண்களிடம், இந்தப் பக்கம் பின்கட்டுப் பெண்களிடம்.

கடல் தாண்டி வந்த பண்டங்கள் சில வீட்டுக்குள் நுழைந்தன. கறுப்பு ஒட்டரிசியான கவுனி அப்படி வந்ததுதான். பர்மிய மொழியில் ஒட்டரிசிக்குச் சொல்லும் பெயர் கிட்டத்தட்ட 'கௌக்ஞின்' என்று ஒலிக்கும். இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்! ரவையில் செய்யும் ரங்கூன் புட்டு பெயரிலேயே ஊரைச் சுமக்கிறது. ஆனால் கவனியுங்கள், இவை இரண்டுமே இனிப்பு, இரண்டுமே விசேஷ நாள் பலகாரம். திங்கட்கிழமை மத்தியானத்துக்கு மண்டியும் கொசமல்லியும்தான்.

இங்கே ஒரு முரண்பாடு. நகரத்தாரைப் போலக் கணக்கு எழுதிய சமூகம் தமிழ்நாட்டில் குறைவு. வட்டிக்கு ஏடு, வரவு செலவுக்கு ஏடு, கோயில் புள்ளிக்கு ஏடு. கல்யாணத்துக்குக்கூட 'இசைகுடிமானம்' என்று ஓலையில் எழுதிக் கொள்வார்கள். பெண்ணுக்குக் கொடுத்த பித்தளை, வெள்ளி, எனாமல் பாத்திரமெல்லாம் எண்ணிக் கணக்கு வைப்பார்கள். அந்தப் பாத்திரத்தில் என்ன சமைப்பது, எப்படிச் சமைப்பது என்பது மட்டும் ஏட்டில் ஏறவில்லை. ஏடு ஆண்கள் கையில் இருந்தது, சட்டி பெண்கள் கையில் இருந்தது. வேறு என்ன காரணம் சொல்ல?

மற்ற இடங்களில் என்ன நடந்தது?

சமையல் குறிப்பு அச்சில் ஏறுவது உலகத்தில் எங்குமே தாமதமாக நடந்த காரியம்தான். இத்தாலியை எடுத்துக்கொள்ளுங்கள். பெல்லெக்ரினோ அர்துசி என்ற ஃபிளாரன்ஸ் பட்டு வியாபாரி 1891-ல் தன் சொந்தக் காசில் ஒரு வீட்டுச் சமையல் புத்தகம் போட்டார். முதல் பதிப்பில் 475 குறிப்புகள். படித்த பெண்கள் "எங்கள் ஊரில் இப்படிச் செய்வோம்" என்று கடிதம் எழுத எழுத, அவர் சேர்த்துக்கொண்டே போனார். கடைசியில் 790 ஆகிவிட்டது. ஒரு வியாபாரியின் புத்தகம், பல ஊர்ப் பெண்களின் கைப்பக்குவம்.

தமிழிலும் 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே 'பாக சாஸ்திரம்' என்ற பெயரில் அச்சுப் புத்தகங்கள் வந்தன. ஆனால் அன்றாடச் சமையலைப் புதிதாகக் குடித்தனம் போன பெண்ணுக்குப் புரிகிற மாதிரி சொன்னது என்று எடுத்தால், 1951-ல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட 'சமைத்துப் பார்' தான். உறவுக்காரர்கள் கடிதம் போட்டுக் கேட்கக் கேட்கக் குறிப்பு எழுதி அனுப்பிக் கொண்டிருந்தவர் அவர். பெரியவர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் தூண்டியதன் பேரில் அதைப் புத்தகமாக்கினார். அடுப்பை எப்போது எரிய விடுவது, எப்போது தணிப்பது என்பது வரை எழுதியிருப்பார். கல்யாணப் பெண்ணுக்குப் பரிசாகக் கொடுக்கும் புத்தகமாக அது பல தலைமுறை ஓடியது. வெளிநாட்டுக்குப் போனவர்களின் பெட்டியிலும் அது இருந்தது.

ஆனால் அது பிராமண வீட்டுச் சமையல். வெங்காயம் பூண்டைத் தள்ளி வைத்த சமையல். சின்ன வெங்காயம் உரிக்காமல் அடுப்பே பற்ற வைக்காத செட்டிநாட்டுக்கு அதில் இடம் கிடையாது. அதைக் குறையாகச் சொல்ல முடியாது, அவர் தன் வீட்டுச் சமையலை எழுதினார். செட்டிநாட்டுக்கு ஒரு மீனாட்சி அம்மாள் அந்தக் காலத்தில் அமையவில்லை, அவ்வளவுதான்.

1942-ம் அதற்குப் பிறகும்

1930-ல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழ, கடனுக்கு ஈடாக நிலம் வந்து சேர, 1930-களின் இறுதியில் அது சுமார் 25 சதவீதம் ஆனது. காசாக இருந்த சொத்து மண்ணாக மாறிவிட்டது. 1942-ல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்ற கையோடு நில நாட்டுடைமைச் சட்டம். 1960-களில் நெவின் ஆட்சியில் மிச்சமிருந்த கடைகளும் போயின.

அந்த அடி ஊரில் முதலில் தெரிந்த இடங்களில் ஒன்று அடுப்பங்கரை. பல வீடுகளில் வேலையாட்கள் குறைந்தார்கள். சில வீடுகளில் தேக்குத் தூண்களே கழற்றி விற்கப்பட்டன. இளைய தலைமுறை சென்னை, மதுரை, கோயம்புத்தூர் என்று வேலை தேடிப் போனது. கொண்டுவிற்கப் போன காலத்தில் ஆண் மட்டும் போனான். இப்போது குடும்பமே போனது. பக்கத்து அடுப்பில் மாமியார், எதிர் அடுப்பில் ஓரகத்தி என்று இருந்த பள்ளிக்கூடம் கலைந்தது. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்கு ஆள் வேண்டுமே!

இந்த இடைவெளியில்தான் ஹோட்டல் வந்தது. 1964-ல் சென்னையில் அஞ்சப்பர் தொடங்கியது. பிறகு செட்டிநாடு என்ற பெயர் வேகமாகப் பரவி, ஊருக்கு ஊர் பலகை ஏறியது. கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, வறுத்து அரைத்த மசாலா, கோழி, ஆடு, காடை. ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹோட்டலுக்கு வருகிறவருக்கு அரிசி களைந்த தண்ணீரில் வைத்த குழம்பைக் காட்டிக் காசு கேட்க முடியாதுதான். ஆனால் விளைவு என்ன? வருஷத்தில் சில நாள் வந்த விருந்து, செட்டிநாட்டின் முழு முகமாகிவிட்டது. தினசரி முகம் மறைந்துவிட்டது.

மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1988-ல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில், நகரத்து நடுத்தரக் குடும்பப் பெண்கள் ஆங்கிலத்தில் எழுதிய சமையல் புத்தகங்கள்தான் 'இந்தியச் சமையல்' என்ற பொது உருவத்தைக் கட்டின என்று காட்டினார். செட்டிநாட்டுக்கும் ஆங்கிலப் புத்தகங்கள் வந்தன. அமெரிக்காவில் குடியேறிய அலமேலு வைரவன் 1990-களிலிருந்து புத்தகம் எழுதினார், தொலைக்காட்சியில் செய்தும் காட்டினார். காரைக்குடியில் 1999-ல் 'பங்களா' விடுதியைத் திறந்த மீனாட்சி மெய்யப்பன், சுமித் நாயருடன் சேர்ந்து 2014-ல் 'தி பங்களா டேபிள்' என்ற பெரிய படப் புத்தகம் கொண்டுவந்தார். அழகான புத்தகம். ஆனால் அது வரவேற்பறை மேசைக்கு ஏற்ற புத்தகம், எண்ணெய்க் கை படுகிற புத்தகம் அல்ல.

பத்திரிகை இணைப்பும் கவிஞர் வீடும்

எண்ணெய்க் கை பட்டது வார, மாதப் பத்திரிகைகளின் இணைப்பில்! 'முப்பது வகை' என்று ஏதாவது ஒரு தலைப்பில் சின்னப் புத்தகம் ஒன்றை இலவசமாகக் கொடுப்பார்கள். முப்பது வகை குழம்பு, முப்பது வகை டிபன் என்று. அடுக்களை அலமாரியில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் இது அடுக்கி வைக்கப்படாத வீடு உண்டா?

அந்த வரிசையில் செட்டிநாட்டுப் பெயரோடு நின்றவர் ரேவதி சண்முகம். கவிஞர் கண்ணதாசனின் மகள். கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி, நெற்குப்பை இருக்கும் அதே திருப்பத்தூர் வட்டாரத்து ஊர்தான். பத்திரிகையில் எழுதி, தொலைக்காட்சியில் செய்து காட்டி, பிறகு யூடியூபில் 'கவிஞர் வீட்டு சமையல்' என்று இன்னொரு சுற்று வந்தவர். இவருடைய பெருமை புதிதாக எதையும் கண்டுபிடித்ததில் இல்லை. வீட்டில் சும்மா வைக்கிற குழம்பைக்கூடச் சொல்லித்தர வேண்டிய விஷயமாக மதித்ததில்தான் இருக்கிறது.

எழுதுவதற்கு லாயக்கில்லை என்று மற்றவர்கள் ஒதுக்கியதை எழுதுவது என்ற குணத்தில் நெற்குப்பைக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. சோமலெ (1921-1986). உலகம் சுற்றிப் பயண நூல் எழுதினார். பிறகு தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டமாக எடுத்துக்கொண்டு மக்களின் பழக்க வழக்கம், பேச்சு, விழா எல்லாவற்றையும் திரட்டினார். 'செட்டிநாடும் தமிழும்' அவருடையது. நெற்குப்பையில் அவர் பெயரில் நூலகம் இருக்கிறது. இப்படி ஓர் ஆள் ஒவ்வொரு பின்கட்டிலும் போய் உட்கார்ந்து, அடுப்புக்கு அடுப்பு குழம்பு எப்படி மாறுகிறது என்று எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

உளுந்துக் கோபுரம்

எழுதுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆச்சியைக் கேட்டாலும் அளவு இப்படித்தான் வரும்: "ஆழாக்குல பச்சரிசிய தலை தட்டி அளந்துக்க. அதுக்கு மேலயே உளுந்தக் கோபுரமா வை. நிக்கிற வரைக்கும் வை." அவ்வளவுதான் அளவு. இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊற வைத்து, வெண்ணெய் போல ஆட்டி, உப்பும் கொஞ்சம் பாலும் சேர்த்து, காய்ந்த எண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி, சிவக்காமல் எடுக்க வேண்டும். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல்.

எட்டு ஆழாக்கு ஒரு படி என்ற கணக்கு எல்லா வீட்டிலும் தெரிந்திருந்த காலத்தில் இந்தக் குறிப்பில் ஒரு குறையும் இல்லை. 1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. 1960-களின் தொடக்கத்தில் கடைகளில் கிலோவும் லிட்டரும் கட்டாயமாயின. ஆழாக்கு மெல்லப் பரணுக்குப் போனது. அதன் இடத்தில் டம்ளர் வந்தது, பிறகு பிளாஸ்டிக் கப் வந்தது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். குவியலின் அளவு பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது, ஆழத்தைப் பொறுத்தது அல்ல. வாய் குறுகி உயரமான டம்ளரில் கோபுரம் வைத்தால் உளுந்து குறையும், பணியாரம் கல்லாகும். அகன்ற கிண்ணத்தில் வைத்தால் உளுந்து கூடும், எண்ணெய் குடிக்கும். ஆச்சி சொன்ன வார்த்தை ஒன்றும் மாறவில்லை. பாத்திரம் மாறிவிட்டது!

அதனால்தான் சமையல் புத்தகங்களில் இந்தப் பணியாரத்துக்கு உளுந்தின் அளவு ஆளுக்கு ஒரு விதமாக இருக்கிறது. ஒருவர் மூன்று டேபிள்ஸ்பூன் என்பார், இன்னொருவர் கால் கப் என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வீட்டு ஆழாக்கில் வைத்த கோபுரத்தை இடித்து, ஸ்பூனால் அளந்து எழுதியிருக்கிறார்கள்.

செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் பரணில் தேடுங்கள். பித்தளையோ இரும்போ, பாட்டி காலத்து ஆழாக்கு கிடைத்தால் அதிலேயே தலை தட்டி அளக்கலாம். கிடைக்கவில்லையென்றால் உயரமும் வாயும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கிற சின்ன டம்ளராகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பணியாரத்தை ஊற்றிப் பார்த்துவிட்டு, கல்லாக இருந்தால் அடுத்த தடவை கோபுரத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.